வியர்வை ஒரு மாறிலி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களில் ஒரே அச்சில் வார்த்த கதை ஒன்று உலவுகிறது. ஊருக்கு ஊர் பெயர்கள் மட்டும் மாறும். பாட்டனார் சந்தை சந்தையாக அலைந்து பச்சைத்தோல் வாங்கிச் சுமந்தவர். அப்பா நாலு தொட்டி கட்டித் தோல் ஊறப்போட்டவர். பேரன் இன்றைக்கு ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் ஷூ அனுப்புகிறார். "எல்லாம் உழைப்புதான்" என்று சொல்லிக் கதையை முடிப்பார்கள்.

கதை பொய்யில்லை. அப்படி வந்த குடும்பங்கள் உண்மையிலேயே இருக்கின்றன, அவர்கள் உழைத்ததும் உண்மை. ஆனால் ஒருவர் ஏன் மேலே போனார் என்ற கேள்விக்கு அது விடையாகுமா? புள்ளியியலில் ஒரு பாலபாடம் உண்டு. எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் ஒன்று, அவர்களுக்குள் இருக்கும் வித்தியாசத்துக்குக் காரணமாக முடியாது. ஒரு விடுதியில் எல்லாப் பிள்ளைகளும் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து படிக்கிறார்கள் என்றால், அதில் ஒருத்தி மட்டும் மாநிலத்தில் முதலாவதாக வந்ததற்கு ஐந்து மணியைக் காரணமாகச் சொல்ல முடியாது. பாலாற்றங்கரையில் உழைக்காதவர் யார்? தோல் தொழிலில் உழைப்பு, சமன்பாட்டில் வரும் மாறிலியைப் போல எல்லாப் பக்கமும் இருக்கிறது. மாறியவை வேறு.

அந்த உழைப்பு எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். செத்த மாட்டின் தோல் சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கும். அதனால் முதலில் உப்பு. பிறகு உப்பைக் கழுவ நீர். பிறகு சுண்ணாம்புக் குழி. அதில் ஊறினால்தான் மயிர் கழன்று வரும். ஊறிய தோலைச் சாய்ந்த மரக்கட்டையில் போட்டு, இரண்டு கைப்பிடி உள்ள வளைந்த கத்தியால் மயிரையும் சதையையும் வழித்தெடுக்க வேண்டும். நனைந்த மாட்டுத்தோலின் கனம் தூக்கியவருக்குத்தான் தெரியும். அதன்பின் ஆவாரம்பட்டை ஊறிய சாற்றில் வாரக்கணக்காகக் கிடத்தி, தினமும் புரட்டி, கடைசியில் கடுக்காய்ச் சாறு. இப்படிப் பதனிட்ட தோலுக்கு உலகச் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பெயர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகளின் பூட்ஸுக்கு மேல்தோலாகப் போனது அதுதான்.

குழியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித்துகள். வணிகம் செய்தவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். சாதி இந்து வணிகர்கள் தீட்டு என்று ஒதுங்கி நின்ற தொழில் இது. அதனால் முதல் போட்டவருக்கு எதிரே போட்டியாளர்கள் குறைவு. சமூகத்துக்குள்ளேயே கடன் கிடைத்தது, சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டிகளில் சொந்தபந்தம் இருந்தது. கடுமையான உடலுழைப்பைக் கொடுத்தவர் குழியில் நின்றவர். ஆனால் முதலாளி ஆனவர்களின் பட்டியலில் அவர் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. உழைத்தவர் உயர்வார் என்பது இயற்கை விதியாக இருந்தால், முதல் சோதனையிலேயே அது இடறுகிறது.

அடுத்த திருப்பம் நியூயார்க்கிலிருந்து வந்தது. 1884இல் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் என்ற வேதியியலாளர், குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் தோல்காரர் இல்லை, சாய வியாபாரத்தில் இருந்தவர். அந்தக் காலத்து மேல்நாட்டுப் பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டிய கார்செட்டில் எஃகுக் கம்பிகள் இருக்கும். அவற்றைத் துருப்பிடிக்க வைக்காத தோலுறை வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்கப்போய்த்தான் ஷூல்ட்ஸ் இதில் இறங்கினார் என்பார்கள். ஆம்பூரின் தலையெழுத்தில் ஒரு வரியை அமெரிக்கப் பெண்களின் உள்ளாடை எழுதியிருக்கிறது!

குரோமியம் செய்யும் வேலை என்ன? தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். மூன்று நீண்ட சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும் அமைப்பு அதற்கு. இந்த மூவிழை அமைப்பை 1954இல் கண்டு சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். எக்ஸ் கதிர்ப் படம் எடுக்க அவர்களுக்குத் தூய கொலாஜன் தேவைப்பட்டது. பக்கத்திலேயே, 1948இல் அடையாற்றில் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கங்காரு வால் தசைநார் இருந்தது. உலகின் பெரிய ஆய்வகங்கள் முட்டி மோதிக்கொண்டிருந்த கேள்விக்குச் சென்னையில் விடை கிடைத்ததில் ராமச்சந்திரனின் மேதைமைக்குத்தான் முதலிடம். ஆனால் அண்டை வீட்டில் கங்காரு வால் கிடைத்ததும் கணக்கில் சேர வேண்டும்.

பச்சைத்தோலைச் சூடான நீரில் போட்டால், 60, 65 டிகிரி செல்சியஸ் வாக்கில் அந்த முறுக்குகள் அவிழ்ந்து தோல் சுருங்கிப்போகும். குரோமிய அணுத்தொகுதிகள் கொலாஜனில் உள்ள அமிலக் கிளைகளைப் பற்றிக்கொண்டு சங்கிலிக்குச் சங்கிலி குறுக்குப் பிணைப்புப் போடுகின்றன. அதன்பின் கொதிநீரையே தோல் தாங்குகிறது. பட்டைச் சாறு இந்த அளவுக்குத் தாங்காது. அதைவிட முக்கியம், பட்டை வாரக்கணக்கில் செய்ததைச் சுழலும் பெரிய மர டிரம்மில் குரோமியம் ஒரு நாள் வாக்கில் முடித்துவிடுகிறது. நீல நிறத்தில் வெளியே வரும் அந்தத் தோலைத்தான் 'வெட் ப்ளூ' என்று இன்றும் சொல்கிறார்கள்.

இப்போது பட்டைக் குழியில் இருபது வருடம் கைப்பழக்கம் பெற்ற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். சாறு எப்போது மாற்ற வேண்டும், தோல் எப்போது 'பழுத்தது' என்று விரலால் தொட்டே சொல்லிவிடுவார். அவருடைய உழைப்பு ஒரு துளியும் குறையவில்லை. அந்த உழைப்பின் விலைதான் குறைந்தது. டிரம் வாங்கப் பணம் வைத்திருந்தவரின் விலை கூடியது.

1973இல் தில்லி ஒரு முடிவெடுத்தது. அதற்கு முந்தைய வருடம் சீதாராமையா கமிட்டி கொடுத்த பரிந்துரையின்படி, பச்சைத்தோல் ஏற்றுமதிக்குத் தடை, பாதி பதனிட்ட தோலுக்கு அளவுக் கட்டுப்பாடு. முழுதாக முடித்த தோலுக்கும் ஷூவுக்கும் சலுகை. பாலாற்றங்கரையின் நவீன வரலாற்றில் இதைவிடப் பெரிய நாள் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். முடிக்கும் இயந்திரங்களுக்கு முதல் போட முடிந்தவர்கள், அடையாற்று ஆராய்ச்சி நிறுவனத்தின் கதவைத் தட்டத் தெரிந்தவர்கள், பிள்ளைகளைத் தோல் தொழில்நுட்பம் படிக்க அனுப்பியவர்கள் ஒரு படி ஏறினார்கள். ஷூ கம்பெனிகள் வந்தன. அதே ஊரில், அதே தெருவில், அதே நேரத்துக்கு எழுந்து தொழில் செய்த சிறு டேனரிக்காரர் பலர் அடுத்தவரின் தோலைக் கூலிக்குப் பதனிட்டுக் கொடுப்பவர்களாக மாறினார்கள். 1989 டிசம்பரில் ஜெர்மனி, பூஞ்சை பிடிக்காமல் இருக்கத் தோலில் போடும் பென்டாகுளோரோஃபீனாலுக்குத் தடை போட்டது. சில வருடங்களில் சில அசோ சாயங்களுக்கும் தடை. கப்பலில் போன சரக்கு திரும்பி வந்தால் தாங்கும் வசதி உள்ளவர் பிழைத்தார். ஒரே ஒரு கப்பல் சரக்கில் உயிரை வைத்திருந்தவருக்கு அந்த வசதி இல்லை.

இதையெல்லாம் பார்த்துவிட்டு 'அதிர்ஷ்டம்' என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடலாம். ஆனால் அதிர்ஷ்டம் எப்படி வேலை செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இத்தாலியின் கட்டானியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிளுக்கினோ, பியோண்டோ, ரபிசார்டா ஆகிய மூவர் 2018இல் கணினிக்குள் ஒரு சின்ன உலகம் செய்தார்கள். அதில் ஆயிரம் பேர். இருபது வயதில் எல்லாரும் சமமாக 10 அலகு முதலோடு தொடங்குகிறார்கள். அறிவு, விடாமுயற்சி, கடின உழைப்பு எல்லாம் சேர்ந்த 'திறமை' ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். பெரும்பாலோர் நடுவில், மிகச் சிலர் ஓரங்களில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணினி கடிகாரம் அடிக்கும். நல்ல வாய்ப்பு ஒருவரைத் தொட்டால், திறமை எவ்வளவோ அவ்வளவு நிகழ்தகவோடு அவர் முதல் இரட்டிப்பாகும். கெட்ட சம்பவம் தொட்டால் பாதியாகும். அங்கே திறமை உதவாது. நாற்பது வருடம் ஓடவிட்டார்கள். ஒரு ஓட்டத்தில் பெரும் பணக்காரரானவரிடம் 2,560 அலகு. அவருடைய திறமை 0.61, சராசரியே 0.6. எல்லாரையும்விடத் திறமைசாலி, 0.89 உடையவர், தொடங்கிய 10 அலகையும் கரைத்து ஒரு அலகுக்கும் கீழே கிடந்தார். 2022இல் இந்த ஆய்வுக்கு, முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இது பொம்மை உலகம், விதிகளை எழுதியவரே முடிவையும் பாதி எழுதிவிட்டார் என்று ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபம். ஆனால் எனக்கு இதில் பெரிதாகப் பட்டது அதிர்ஷ்டம் இல்லை, 'இரட்டிப்பு' என்ற அந்த விதி. 10 அலகு 2,560 ஆவதற்கு எட்டே இரட்டிப்புகள் போதும். முதல் உள்ளவரின் உலகம் பெருக்கலில் ஓடுகிறது. கூலி வாங்குபவரின் உலகமோ கூட்டலில்.

ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தை, 'அப்பர்' என்று அவர்கள் சொல்வதை, கையால் தைத்துக் கொடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். மொக்காசின் வகைச் செருப்பில் முன்பக்கம் சுருக்கிச் சுருக்கி வரும் தையல் இயந்திரத்துக்கு எளிதில் பிடிபடாது. அதனால் அது இவர்களிடம் வருகிறது. பீஸ் ரேட் கூலி. இவர்களைப் பற்றி 2016இல் தொழிலாளர் உரிமை அமைப்புகள் சில சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, ஜோடிக்குப் பத்து ரூபாய்கூடத் தேறவில்லை என்று சொன்னது. பேச்சுக்குப் பத்து ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஒருத்தி பத்து ஜோடிக்குப் பதில் பன்னிரண்டு தைத்தால் இருபது ரூபாய் கூடும். இன்னும் ஒரு மணி நேரம் கண்விழித்தால் இன்னும் கொஞ்சம். கை வலி ஓர் எல்லை போடும், பொழுது இன்னோர் எல்லை போடும். 256 மடங்கு தைக்க யாராலும் ஆகாது. உழைப்பைப் பெருக்கிக் காட்ட அவளிடம் டிரம் இல்லை, கடன் வரம்பு இல்லை, அவளுக்குக் கீழே தைக்கும் நூறு பேர் இல்லை. 'உழைத்தால் உயரலாம்' என்ற வாக்கியம் இவளுக்கும் கம்பெனி முதலாளிக்கும் ஒரே மாதிரி சொல்லப்படுகிறது. இரண்டு பேரும் போடுகிற கணக்கே வேறு.

உழைப்பை அளந்து பார்த்த ஆய்வுகளும் உண்டு. புரூக் மக்னமாரா என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2014இல், பயிற்சிக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய 88 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். சதுரங்கம் போன்ற விளையாட்டுகளில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் 26 சதவீதத்தைப் பயிற்சி விளக்கியது. இசையில் 21, ஓட்டம் பாய்ச்சல் போன்ற உடல் விளையாட்டுகளில் 18, கல்வியில் 4. தொழில் வாழ்க்கையில் ஒரு சதவீதம்கூட இல்லை. பயிற்சி வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பயிலாமல் யாரும் தோலைச் சீவிவிட முடியாது. அடுத்து நடக்கப்போவதை ஊகிக்க முடிகிற களத்தில் பயிற்சி அதிகம் பேசுகிறது, ஊகிக்க முடியாத களத்தில் அதன் குரல் அமுங்கிவிடுகிறது என்பதே அவர்கள் கண்டது. சதுரங்கப் பலகையில் குதிரை என்றைக்கும் இரண்டரைக் கட்டம்தான் தாவும். தோல் வணிகத்தில் குதிரை எப்படித் தாவ வேண்டும் என்பதை ஒரு வருடம் தில்லி சொல்கிறது, ஒரு வருடம் ஜெர்மனி சொல்கிறது.

உழைப்பு எல்லாரிடமும் ஒரே அளவில் இருப்பதாக இதுவரை பேசிவந்தேன். அதிலும் ஒரு திருத்தம் வேண்டியிருக்கிறது. வறுமை உழைக்கும் திறனையே அரிக்குமா? இந்தக் கேள்வியைச் சோதித்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்று வேலூருக்குப் பக்கத்திலேயே நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷாஃபிர், ஜியாயிங் சாவ் ஆகிய நால்வர் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை எடுத்துக்கொண்டார்கள். கரும்புப் பணம் வெட்டு முடிந்துதான் கைக்கு வரும். ஆக அதே மனிதர் வெட்டுக்கு முன் ஏழை, வெட்டுக்குப் பின் கொஞ்சம் வசதி. வெட்டுக்கு முன் நூற்றுக்கு 78 பேரின் பொருள்கள் அடகில் இருந்தன, பின்பு 4 பேருடையவை. படக்கட்டங்களைப் பார்த்து விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் தேர்வில், வெட்டுக்கு முன்பைவிடப் பின்பு அதே ஆட்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கூடுதலாகச் சரியான விடை தந்தார்கள். ஆள் மாறவில்லை, மூளை மாறவில்லை. மூளையில் ஓடிக்கொண்டிருந்த வட்டிக் கணக்கு நின்றிருந்தது. 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்த இந்த முடிவுக்கு எதிர்வாதங்கள் உண்டு. சம்பளத் தேதிக்கு முன்னும் பின்னும் அமெரிக்கர்களைச் சோதித்த ஆய்வு ஒன்றில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பின்னர் ஒடிசாவில், தையல் இலை தைக்கும் பீஸ் ரேட் தொழிலாளர்களிடையே நடந்த சோதனை மறுபடியும் அதே பக்கம் சாய்ந்தது. வரவேண்டிய கூலியில் ஒரு பகுதியைச் சில நாள் முன்கூட்டியே கொடுத்தபோது, கூலி விகிதம் மாறாமலே, அவர்கள் தைத்த இலைகள் 7 சதவீதம் அளவுக்குக் கூடின. கவனப் பிசகுகளும் குறைந்தன. அந்த ஒடிசாத் திண்ணைக்கும் ஆம்பூர்த் திண்ணைக்கும் அதிக தூரம் இல்லை.

வள்ளுவர் 38ஆம் அதிகாரத்தை ஊழுக்கும் 62ஆம் அதிகாரத்தை ஆள்வினையுடைமைக்கும் கொடுத்தார். இரண்டையும் சமாதானம் செய்து வைக்க அவர் மெனக்கெடவில்லை. உரைகாரர்களுக்கு அந்த வேலை விடப்பட்டது. இப்போது பொருளியலாளர்கள் அதைக் கையில் எடுத்திருக்கிறார்கள். அடிமட்டப் பத்துச் சதவீதத்தில் உள்ள ஒரு குடும்பம் நாட்டின் சராசரி வருமானத்தை எட்ட எத்தனை தலைமுறை ஆகும் என்று 2018இல் ஓஇசிடி என்னும் பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு மதிப்பிட்டது. டென்மார்க்கில் இரண்டு, இந்தியாவில் ஏழு. டென்மார்க்காரர்கள் நம்மைவிட மூன்றரை மடங்கு உழைக்கிறார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சாம் ஆஷர், பால் நோவோசாட், சார்லி ராஃப்கின் ஆகியோர் இந்தியாவில் கல்வியில் தலைமுறை தாண்டிய ஏற்றத்தை அளந்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் பல பதிற்றாண்டுகளாக அது நகரவே இல்லை. உள்ளே பிரித்துப் பார்த்தால் பட்டியல் சாதியினருக்குக் கூடியிருக்கிறது, முஸ்லிம்களுக்குக் குறைந்திருக்கிறது. பிள்ளை பிறந்த இடத்தைப் பொறுத்தும் பெரிய வித்தியாசம். தெற்கும், கல்வி பரவிய ஊர்களும் மேல்.

தோல் பணத்தின் நல்ல பக்கம் இங்கேதான் தெரிகிறது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் வந்தது, ஆம்பூர் மஜ்ஹருல் உலூம் கல்லூரி 1969இல். தோல் வணிகத்தில் செல்வம் சேர்த்துக் கொடையாளியாகப் பெயர் பெற்ற சி. அப்துல் ஹக்கீமின் பெயரில் மேல்விஷாரத்தில் 1965இல் ஒரு கல்லூரி. ஒரு மனிதர் குடிசையிலிருந்து மாடிக்குப் போன கதையை ஊர் கொண்டாடுகிறது. நூறு பிள்ளைகள் ஒவ்வொரு படி ஏறியதைக் கதையாகச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கென்னவோ இரண்டாவதுதான் பெரிய செய்தி.

இன்னொரு உழைப்பாளியை இந்தக் கதை எப்போதும் மறந்துவிடுகிறது: டேனரிக்குக் கீழ்ப்புறம் நெல்லும் தென்னையும் போட்டவர். தோல் அழுகாமலிருக்கப் போட்ட உப்பைச் சொன்னேன் அல்லவா? அதில் பெரும்பகுதி கழுவு நீரோடு வெளியே போகிறது. குரோமியத்துக்குத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். வயலையும் கிணற்றையும் பெரிய அளவில் பாழாக்கியதோ நாம் சோற்றில் போடும் அதே உப்புதான். குரோமியத்தை வேதியியல் முறையில் படிய வைத்துப் பிரித்துவிடலாம். நீரில் கரைந்த உப்பு அப்படிப் படியாது. சவ்வுகள் வழியே அழுத்தி வடிகட்டி, மிஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். செலவு பிடித்த வேலை. மண்ணில் உப்பு ஏறினால் வேர் நீரை உறிஞ்ச முடியாது. எத்தனை உழவு ஓட்டினாலும், எத்தனை எரு கொட்டினாலும் அந்த இயற்பியல் மாறாது. இங்கே ஒருவரின் உழைப்பை இன்னொருவரின் வெற்றி கழித்துக்கொண்டிருந்தது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. டேனரி வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனதை அது பதிவு செய்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு. அதைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட ஆணையம் 2001 மார்ச்சில் வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட 29,193 பேருக்குச் சுமார் 26.8 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரியாக 9,200 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. 2025 ஜனவரி 30இல் இதே விவகாரம் மறுபடி உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்புக்கு வந்தது. அதற்குள் அந்த மாவட்டமே வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்திருந்தது. இன்னும் இழப்பீடு கிடைக்காதவர்கள் இருந்தால் மாநில அரசு ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று நீதிபதிகள் உத்தரவிட்டார்கள்.